சீனி குறையும்போது நரம்புகள் அடிக்கும் மணி



சில மாதங்களுக்கு முன்னர் ஒரு வெள்ளிக்கிழமை, காலை பத்து மணி இருக்கும். அயல்வீட்டு மருமகள் படலையைத் திறந்துகொண்டு ஓடி வந்தாள். "அக்கா, மாமி கிணத்தடியில இருக்கிறா. கூப்பிட்டாத் திரும்பிப் பாக்கிறா, ஆனா ஒரு மாதிரிக் கதைக்கிறா. என்னோட கோவமோ தெரியேல்லை" என்றாள்.

அந்த அம்மாவுக்கு ஐம்பத்தெட்டு வயது. கோப்பாய்ச் செம்மண்ணில் வெங்காயம் நட்டுப் பிள்ளைகளை ஆளாக்கியவர். சலரோகம் வந்து பதினான்கு வருடங்கள் ஆகின்றன. காலையும் மாலையும் இன்சுலின் ஊசி. அன்றும் ஏழு மணிக்கு வழக்கம்போல ஊசியைப் போட்டிருக்கிறார். பிறகு பேரப்பிள்ளைகளுக்குப் புட்டு அவித்து, மகனுக்குச் சாப்பாடு கட்டிக் கொடுத்து, கோயிலுக்குப் பூப் பறித்து வைத்திருக்கிறார். விரத நாள்தானே, மத்தியானம் ஒரேயடியாகச் சாப்பிடலாம் என்று தன்னுடைய சாப்பாட்டை மட்டும் தள்ளிப் போட்டுவிட்டார்.

நான் போனபோது வாளியைக் கையில் பிடித்தபடி கிணற்றுக்கட்டில் இருந்தார். கேட்ட கேள்விக்கும் சொன்ன பதிலுக்கும் தொடர்பில்லை. முகத்தில் ஒரு துளி வியர்வை இல்லை, கையில் நடுக்கம் இல்லை. என்னிடமிருந்த மீற்றரில் பார்த்தேன். 38 என்று காட்டியது. நல்ல வேளையாக விழுங்கக்கூடிய நிலையில் இருந்தார். சீனி கரைத்த தண்ணீரைக் குடிக்கச் செய்ததும் கால் மணி நேரத்தில் தெளிந்துவிட்டார். தெளிந்தபின் அவர் சொன்னதுதான் என்னை இந்த மாதம் இதை எழுத வைத்தது.

"பிள்ளை, முந்தியெண்டாச் சீனி இறங்கினாக் கையெல்லாம் நடுங்கும், வேர்த்துக் கொட்டும். இப்ப ரண்டு வருசமா அப்பிடி ஒண்டுமில்லை. உடம்புக்குப் பழகிப் போச்சு."

பழகிப் போகவில்லை சகோதரிகளே. வீட்டுக்குத் தீப்பிடித்தால் அடிக்க வேண்டிய மணி அடிக்காமற் போயிருக்கிறது. அந்த மணி எது, அதை அடிப்பவை எவை, அது ஏன் ஓய்கிறது, ஓய்ந்த மணியை மீண்டும் அடிக்கச் செய்யலாமா என்பதையே இம்முறை பார்க்கப் போகிறோம்.

ஒரு தேக்கரண்டிச் சீனி

வளர்ந்த ஒருவரின் உடலில் ஏறத்தாழ ஐந்து லீற்றர் குருதி ஓடுகிறது. அவ்வளவு குருதியிலும் ஒரு நேரத்தில் கரைந்திருக்கும் குளுக்கோசு சுமார் ஐந்து கிராம் மட்டுமே. அதாவது ஒரு தேக்கரண்டி அளவு. ஆனால் மூளைக்கு மட்டும் ஒரு நாளைக்குச் சுமார் 120 கிராம் குளுக்கோசு தேவை. தசை கொழுப்பை எரித்துச் சமாளித்துக்கொள்ளும். மூளையால் அப்படி முடியாது. தனக்கென்று சொல்லத்தக்க சேமிப்பும் அதனிடம் இல்லை. குருதி கொண்டுவந்து கொடுப்பதை நம்பித்தான் அது நிமிடத்துக்கு நிமிடம் வாழ்கிறது.

சேமிப்பு இருக்கும் இடம் ஈரல். கிளைக்கோசன் என்ற வடிவில் அங்கே சுமார் நூறு கிராம் அளவு குளுக்கோசு அடுக்கி வைக்கப்பட்டிருக்கும். இரவு சாப்பிட்டுவிட்டுக் காலையில் எழும்பும்வரை நாம் மயங்கி விழாமல் இருப்பது அந்தக் களஞ்சியத்தால்தான். களஞ்சியத்தைத் திறக்கச் சொல்லும் கட்டளை சதையியிலிருந்து வருகிறது. சதையியில் உள்ள லங்கர்கான் சிறுதீவுகளில் இருவகைக் கலங்கள் முக்கியமானவை. பீற்றாக் கலங்கள் இன்சுலினைச் சுரந்து சீனியைக் குறைக்கின்றன. அல்பாக் கலங்கள் குளுக்ககன் என்ற ஓமோனைச் சுரந்து, ஈரலைத் திறந்து சீனியைக் கூட்டுகின்றன.

இதுவரையும் பலருக்குத் தெரிந்த சங்கதிதான். சீனி குறைகிறது என்று அந்த அல்பாக் கலங்களுக்கு யார் சொல்கிறார்கள்? குறைந்த சீனியை அவை ஓரளவு தாமாகவே உணரும். பக்கத்துப் பீற்றாக் கலங்கள் இன்சுலினை நிறுத்துவதும் அவற்றுக்கு ஒரு சைகை. ஆயினும் சீனி மேலும் இறங்கும்போது மூளையே நரம்புகள் வழியாக உத்தரவு அனுப்புகிறது.

நரம்புக்கும் சீனிக்கும் உள்ள உறவு

இந்த உறவு இன்று நேற்றுக் கண்டுபிடித்ததல்ல. 1849 இல் பிரான்சிய அறிஞர் குளோட் பேர்ணாட், முயலின் மூளையின் பின்பகுதியில் ஓரிடத்தில் ஊசியாற் குத்தியபோது அதன் குருதியில் சீனி ஏறியதையும், அது சிறுநீரிலும் வெளிப்பட்டதையும் கண்டார். வயிற்றிலுள்ள ஈரலை மூளை ஆட்டிவைக்கிறது என்பதற்கு அது முதற் சான்றுகளில் ஒன்று.

1922 இல் கனடாவில் இன்சுலின் முதன்முதலாக ஒரு நோயாளிக்கு ஏற்றப்பட்டது. உயிர் காக்கும் மருந்து கிடைத்தது. அதே மருந்து அளவு கூடினால் சீனி ஆபத்தாக இறங்கும் என்பதும் உடனே தெரிந்தது. 1924 இல் அமெரிக்க உடற்றொழிலியலாளர் வோல்ற்றர் கனனும் அவருடன் வேலை செய்தவர்களும் பூனைகளுக்கு இன்சுலின் ஏற்றிப் பார்த்தார்கள். இதயத்துக்குப் போகும் நரம்புகளை முன்கூட்டியே அறுத்திருந்தார்கள். இருந்தும் சீனி இறங்கியபோது இதயம் வேகமாக அடித்தது. நரம்பு இல்லாத இதயத்துக்குச் செய்தி குருதி வழியாகத்தான் வந்திருக்க வேண்டும். சிறுநீரகங்களின் மேல் தொப்பிபோல் இருக்கும் அதிரனற் சுரப்பிகள் சுரந்த அதிரனலின் என்ற ஓமோனே அது.

செய்தி போகும் மூன்று வழிகள்

மூளையின் அடிப்பகுதியிலுள்ள பரிவகக்கீழ் என்ற பகுதியிலும், பின்மூளையிலும், குடலிலிருந்து ஈரலுக்குக் குருதி கொண்டுசெல்லும் பெருங்குழாயின் சுவரிலும் சீனியின் அளவை உணரும் கலங்களும் நரம்பு நுனிகளும் இருக்கின்றன. அவை 'குறைகிறது' என்று அறிவித்ததும் மூளை மூன்று வழிகளில் உத்தரவு அனுப்புகிறது.

முதலாவது, பரிவு நரம்புகள். ஆபத்து வேளையில் நம்மை உசார்ப்படுத்தும் நரம்புகள் இவை. இவற்றின் கிளைகள் சதையிக்கும் ஈரலுக்கும் நேராகச் செல்கின்றன. சதையியில் குளுக்ககனைச் சுரக்கத் தூண்டி, இன்சுலினை அடக்குகின்றன.

இரண்டாவது, பரபரிவு நரம்புகள். மூளையிலிருந்து கழுத்து வழியாக வயிறுவரை இறங்கும் வேகசு நரம்பு இந்த வகை. உண்டபின் ஆறுதலாகச் சமிபாடு நடக்க உதவும் நரம்பு என்று இதைப் படித்திருப்பீர்கள். சீனி குறையும்போது இதுவும் அல்பாக் கலங்களைத் தட்டி எழுப்புகிறது.

மூன்றாவது, அதிரனலின். பரிவு நரம்பின் தூண்டுதலால் அதிரனற் சுரப்பி இதைக் குருதியில் கலக்கிறது. இது குளுக்ககனைக் கூட்டுவதோடு நில்லாமல், ஈரலையும் நேராகத் திறக்கிறது. தசைகள் சீனியை எடுப்பதைக் குறைத்து, மூளைக்கென்று மிச்சப்படுத்துகிறது.

ஒரு வழி அடைபட்டாலும் மற்றவை ஓரளவு ஈடு செய்யும். மூன்றையும் ஒருசேரத் தடுத்துப் பார்த்த விலங்காய்வுகளில் குளுக்ககன் சுரப்பு பெருமளவு குறைந்துபோனது.

எந்த அளவில் எது நடக்கிறது?

ஆரோக்கியமான ஒருவருக்கு நடப்பதைப் படிப்படியாகப் பாருங்கள். எண்கள் டெசிலீற்றருக்கு மில்லிகிராம் கணக்கில் உள்ளவை.

80 – 85 அளவில்: சதையி இன்சுலினைக் குறைத்துவிடுகிறது.

65 – 70 அளவில்: குளுக்ககனும் அதிரனலினும் ஏறுகின்றன.

50 – 55 அளவில்: நடுக்கம், வியர்வை, படபடப்பு, பசி வெளித்தெரிகின்றன.

50 இற்குக் கீழே: மூளை தடுமாறத் தொடங்குகிறது. குழப்பம், பேச்சுக் குழறல், காரணமில்லாத கோபம், இன்னும் இறங்கினால் வலிப்பு, மயக்கம்.

நடுக்கமும் படபடப்பும் அதிரனலினாலும் பரிவு நரம்பாலும் வருபவை. அவை வருத்தம் தருபவையாக இருந்தாலும் நமக்கு நன்மை செய்பவை. மூளை தடுமாறுவதற்கு முன்பே 'சாப்பிடு' என்று சொல்லும் மணி அது. குழப்பமும் கோபமும் மூளைக்குச் சீனி போதாமையால் வருபவை. மணி அடிக்காவிட்டால் நேராக இரண்டாவது கட்டம்தான் வரும். அன்று மருமகள் 'மாமிக்கு என்னோட கோவம்' என்று நினைத்தது இதைத்தான். எத்தனை வீடுகளில் இது மாமி மருமகள் பிணக்காகவே முடிந்திருக்குமோ!

மணி ஏன் ஓய்கிறது?

இன்சுலின் போடுபவருக்கு முதலாவது பாதுகாப்பு இல்லை. ஊசியால் உள்ளே போன இன்சுலினைச் சீனி குறைகிறதே என்று திருப்பி எடுக்க முடியாது. நோய் நீண்டகாலமானால் இரண்டாவது பாதுகாப்பான குளுக்ககனும் சீனி குறையும் வேளையில் சரியாகச் சுரப்பதில்லை. சிறுவயதிலேயே வரும் வகை 1 நீரிழிவு உள்ளவர்களின் சதையிச் சிறுதீவுகளில் பரிவு நரம்பு நுனிகளே குறைந்திருப்பதை ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். எஞ்சியிருப்பது அதிரனலின் மட்டும். அதுவும் தளர்ந்தால் பாதுகாப்பும் போகிறது, மணியும் போகிறது.

அதிரனலின் ஏன் தளர்கிறது? முக்கிய காரணம், அடிக்கடி சீனி இறங்குவதுதான். ஒரு நாள் பிற்பகலில் சீனி நன்றாக இறங்கினாலே, மறுநாள் இறங்கும்போது அதிரனலின் முந்திய அளவு வராது என்று ஆய்வுகளில் தெரிந்திருக்கிறது. அதனால் அறிகுறி குறைகிறது. அறிகுறி குறைவதால் ஆள் கவனிக்காமல் விட, சீனி மறுபடியும் இறங்குகிறது. இப்படியே ஒரு சுற்று.

வேறு காரணங்களும் உண்டு. நித்திரையில் அதிரனலின் குறைவாகவே வருகிறது. நீண்டகால நீரிழிவால் தன்னாட்சி நரம்புகளே பழுதடையலாம். பிரசர், இதய வருத்தம், கைநடுக்கம் முதலியவற்றுக்குக் கொடுக்கும் அற்றெனலோல், புரொப்பிரனலோல் போன்ற குளிசைகள் படபடப்பையும் நடுக்கத்தையும் மறைத்துவிடும். ஆனால் வியர்வையை அவை மறைப்பதில்லை. வியர்வைச் சுரப்பிக்குப் போகும் நரம்பு வேறொரு இரசாயனத்தால் வேலை செய்வதே அதற்குக் காரணம். ஆகவே இந்தக் குளிசை குடிப்பவர்கள் திடீர்க் குளிர்வியர்வையை அலட்சியம் செய்யக்கூடாது. அதற்காக அந்தக் குளிசைகளை நீங்களாக நிறுத்திவிடவும் கூடாது.

'நான் இன்சுலின் போடுவதில்லையே' என்று சிலர் நினைப்பீர்கள். கிளிபென்கிளமைட், கிளிக்கிளசைட், ரொல்பியூற்றமைட் என்ற குளிசைகளும் சதையியைப் பிழிந்து இன்சுலினை வரவழைப்பவை. சாப்பிடாவிட்டாலும் அவை தம் வேலையைச் செய்யும். சிறுநீரகம் பழுதானவர்களுக்கும் வயோதிபர்களுக்கும் இவற்றால் ஆபத்து அதிகம். மெற்போமின் மட்டும் குடிப்பவர்களுக்குச் சீனி இப்படி இறங்குவது அரிது. உங்கள் குளிசை எது என்று அடுத்த கிளினிக்கில் கேட்டு, கொப்பியில் எழுதி வையுங்கள்.

இலங்கையில் 2005 – 2006 காலத்தில் நடந்த பெரிய கணக்கெடுப்பொன்றில் இருபது வயதுக்கு மேற்பட்டோரில் 10.3 வீதத்தினருக்கு நீரிழிவு இருந்தது. போர் காரணமாக அதில் வடக்கும் கிழக்கும் சேர்க்கப்படவில்லை. அதன் பின் வந்த கணக்குகளில் நாட்டில் ஏறத்தாழ ஐந்து பேரில் ஒருவர் என்ற நிலை. நமது ஒழுங்கைகளிலும் இந்த வருத்தம் இல்லாத வீடு குறைவு.

ஓய்ந்த மணி மீண்டும் அடிக்குமா?

அடிக்கும். இதுதான் இந்த மாதம் நான் சொல்ல வந்த நல்ல செய்தி. சீனி இறங்காமல் இரண்டு மூன்று வாரங்கள் கவனமாகக் காத்தால், பலருக்கு அறிகுறிகள் திரும்பி வருகின்றன. 1990களில் செய்யப்பட்ட ஆய்வுகள் இதைக் காட்டியிருக்கின்றன. நரம்பே அழிந்துபோனவர்களுக்கு இது முழுதாகக் கைகூடாது. ஆனால் அடிக்கடி சீனி இறங்கியதால் மணி ஓய்ந்தவர்களுக்கு நம்பிக்கை உண்டு. அதற்கு மருந்தின் அளவை வைத்தியர்தான் மாற்ற வேண்டும். கொஞ்சக் காலத்துக்குச் சீனி சற்றுக் கூடுதலாக இருக்க விட வேண்டியும் வரலாம். 'எனக்கு நடுக்கம் வருவதில்லை' என்று நீங்கள் சொன்னால்தானே அவருக்குத் தெரியும்? பெருமையாக அல்ல, முறைப்பாடாகச் சொல்லுங்கள்.

உடனே செய்ய வேண்டியவை

• மீற்றரில் 70 இற்குக் கீழே காட்டினாலும், அறிகுறி இருந்தாலும் தாமதம் வேண்டாம். 54 இற்குக் கீழே என்றால் ஆபத்து அதிகம். மீற்றர் இல்லையென்று தேடிக்கொண்டு நிற்க வேண்டாம்.

• விழுங்கக்கூடியவருக்கு மூன்று அல்லது நான்கு தேக்கரண்டி சீனியை அல்லது குளுக்கோசுத் தூளை அரைக் கிளாஸ் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். சுடுதேநீர் ஆறும்வரை காத்திருக்க வேண்டாம். பனங்கட்டிதான் கையில் இருக்கிறது என்றால் அதையும் நொறுக்கிக் கரைத்துக் கொடுங்கள். சொக்கிலேற்றில் உள்ள கொழுப்பு சீனி ஏறுவதைத் தாமதப்படுத்தும்.

• பதினைந்து நிமிடத்தில் தெளிவு வராவிட்டால் அதே அளவை மறுபடியும் கொடுங்கள். தெளிந்தபின் சோறோ இடியப்பமோ பாணோ சாப்பிடச் செய்யுங்கள். கரைத்த சீனி கன நேரம் நிற்காது.

• மயங்கியவரின் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். அது சுவாசப்பைக்குள் போய்விடும். ஒருபக்கமாகச் சரித்துப் படுக்கவைத்து உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள். 1990 என்ற இலக்கத்தில் அழைக்கும் சுவசெரிய இலவச அம்புலன்ஸ் 2018 இலிருந்து யாழ்ப்பாணத்திலும் சேவை செய்கிறது.

• மேலே சொன்ன குளிசைகளால் சீனி இறங்கியிருந்தால், தெளிந்தபின்னும் வைத்தியசாலைக்குப் போகவேண்டும். பல மணி நேரம் கழித்து மறுபடியும் இறங்கும்.

இறங்காமற் காக்க

பெண்களாகிய நமக்கு ஒரு பழக்கம் உண்டு. எல்லோருக்கும் பரிமாறி, சட்டி கழுவி, கடைசியில் மிஞ்சியதைச் சாப்பிடுவது. ஊசியோ குளிசையோ போடுகிற சகோதரிக்கு அந்தப் பழக்கம் ஆகாது. மருந்து போட்டால் வைத்தியர் சொன்ன நேரத்துக்குள் நீங்கள் சாப்பிட்டாக வேண்டும். பிள்ளை பள்ளிக்கூடத்துக்குப் பத்து நிமிடம் பிந்தினாலும் பரவாயில்லை.

விரதம் பிடிப்பவர்கள், கந்தசட்டியோ கேதாரகௌரியோ வருவதற்கு இரண்டு மூன்று வாரம் முன்னதாகவே கிளினிக்கில் சொல்லி, மருந்தை எப்படி மாற்றுவது என்று கேளுங்கள். உணவை விட்டு மருந்தை மட்டும் எடுப்பதும், பயத்தில் மருந்தை முழுதாக நிறுத்துவதும் இரண்டுமே ஆபத்து. மணி ஓய்ந்தவர்கள் உபவாசத்தைத் தவிர்ப்பதே நல்லது.

தோட்டத்தில் மண்வெட்டி பிடிக்கும் நாளில் தசை கூடுதலாகச் சீனியை எடுக்கும். அதன் தாக்கம் அன்றிரவும் தொடரும். மடியில் ஒரு சரை சீனி இருக்கட்டும். பருத்தித்துறை வீதியால் ஸ்கூற்றி ஓட்டி வேலைக்குப் போகும் சகோதரிகள், ஏறுவதற்கு முன் சாப்பிட்டோமா என்று ஒருமுறை யோசியுங்கள். மணி ஓய்ந்தவர்கள் வைத்தியரைக் கேட்காமல் வாகனம் ஓட்டவே கூடாது. கணவன்மாருக்கும் ஒன்று சொல்லி வையுங்கள். மருந்து போட்டுக்கொண்டு வெறும் வயிற்றில் கள்ளுக் குடித்தால், ஈரல் புதிதாகச் சீனி தயாரிக்க முடியாமற் போகும். அப்போது வெறியா மயக்கமா என்று பார்ப்பவருக்கும் தெரியாது.

இன்னொன்று, வீட்டிலுள்ளவர்களுக்கு. நோயாளிக்குத் தெரியாத மாற்றம் முதலில் உங்களுக்குத்தான் தெரியும். வழக்கமில்லாத கோபம், மௌனம், தடுமாற்றம் கண்டால் காரணம் விசாரிக்கும் முன்பு சீனித் தண்ணீரைக் கொடுங்கள். உண்மையிலேயே கோபம்தான் என்றாலும் ஒரு கிளாஸ் சீனித் தண்ணீரால் பெரிய கேடு வந்துவிடாது.

அயல்வீட்டு அம்மாவை மறுநாளே மருமகள் கிளினிக்குக் கூட்டிப் போனாள். வைத்தியர் ஊசியின் அளவைக் குறைத்து, இரவிலும் இடையிடையே சீனி பார்க்கச் சொன்னார். காலையில் ஊசி போட்டதும் பேரப்பிள்ளைகளோடு ஒன்றாக இருந்து சாப்பிட வேண்டும் என்பது மருமகள் போட்ட சட்டம். ஒரு மாதம் இருக்கும். ஒருநாள் வேலிக்கு மேலால் அந்த அம்மாவின் குரல் கேட்டது.

"பிள்ளை, இண்டைக்கு வெங்காயம் கிண்டேக்க கையெல்லாம் நடுங்கிச்சுது, வேர்த்துக் கொட்டிச்சுது. உடன போய்ச் சீனித் தண்ணி குடிச்சன்!"

கை நடுங்கியதை இவ்வளவு சந்தோசமாகச் சொன்ன ஒருவரை நான் அன்றுதான் கண்டேன்.